கைபேசித் தேர்வும் இல்லறத்தார் விரதமும்

(மகாவீர் ஜயந்தி விழாவையொட்டித் திருச்செங்கோட்டில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பகவான் மகாவீரர் பிறந்த திருநாளில் ஆண்ட்ராய்டு, ஐபோன் என்னும் சொற்கள் மேடையில் ஒலிப்பது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும் கருவிகளைப் பற்றிய வினா சமண சமயத்திற்குப் புதிதன்று. ஒலிபெருக்கி பரவத் தொடங்கிய கடந்த நூற்றாண்டில், துறவியர் அதன்முன் அமர்ந்து உரை நிகழ்த்தலாமா என்பது பற்றிச் சங்கங்களில் நெடுங்காலம் விவாதம் நடந்தது. மின்சாரம் தீயுடல் கொண்ட உயிரா, அன்றா என்பதே அவ்விவாதத்தின் மையம். சில பிரிவினர் ஏற்றனர், சிலர் ஏற்கவில்லை. முடிவு எதுவாயினும், கேட்கப்பட்ட வினாவின் தன்மை கவனிக்கத்தக்கது. அக்கருவியின் விலை என்ன, அது எவ்வளவு புதியது என்று எவரும் கேட்கவில்லை. அதனால் எவ்வுயிர்க்கு என்ன நேரும் என்றே கேட்டனர். இன்று கைபேசி வாங்கக் கடைக்குச் செல்லும் இல்லறத்தார் அந்த வினாவை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்கின்றனர். இவ்வுரை எழுந்த காரணம் அதுவே.

திருச்செங்கோட்டைச் சுற்றிலும் விசைத்தறியின் ஓசை கேட்கும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளோ இவ்வூரிலிருந்து இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்று, மாதக்கணக்கில் தங்கித் தொழில் செய்கின்றன. ரிக் வண்டியும் உடன் செல்லும் துணை லாரியும் எங்கு நிற்கின்றன, எத்தனை அடி இறங்கியது, தண்ணீர் வந்ததா, டீசலுக்குப் பணம் அனுப்ப வேண்டுமா என்பவையெல்லாம் இன்று கைபேசி வழியே ஊருக்கு வந்து சேர்கின்றன. 2021 பிப்ரவரி முதல் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. அதில் பணம் தீர்ந்தால் நிரப்புவதும் கைபேசியில்தான். புழுதியும் சேறும் தெறிக்கும் களத்தில் நிற்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் விலை மிகாத ஆண்ட்ராய்டு. அதே வண்டி உரிமையாளரின் மகன் கல்லூரிக்கு எடுத்துச் செல்வது ஐபோன். இரவில் வீடு திரும்பியதும் எது சிறந்தது என்று உணவு மேசையில் வழக்கு எழுகிறது. ஒரே திருமேனியில் இரு பாதிகள் பொருந்தி நிற்கும் வடிவத்தை மலைமேல் கொண்ட ஊரில், இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது ஒன்றும் வியப்பன்று. வழக்கின் சூடுதான் வியப்பு.

இவ்வூர்க் கடைவீதிகளில் காணக்கூடிய ஒரு காட்சியைச் சொன்னால் பொருள் விளங்கும். நூல் வணிகம் செய்யும் பெரியவர் ஒருவர். அகவை எழுபதைக் கடந்தவர். ஐம்பது ஆண்டுகளாகக் கல்லாப்பெட்டியின் சாவியைத் தம் மகனிடம்கூடக் கொடுத்ததில்லை. உறங்கும்போதும் அது இடுப்பில்தான் இருக்கும். பெங்களூருவில் பணிபுரியும் மகன் தந்தையின் பிறந்தநாளுக்கு விலையுயர்ந்த ஐபோன் ஒன்றை வாங்கி வந்தார். பழைய ஆண்ட்ராய்டில் இருந்தவற்றையெல்லாம் இரண்டு நாள் அமர்ந்து புதியதற்கு மாற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிச் சென்றார். மறுநாள் தொடங்கியது தொல்லை. பழைய கைபேசியின் அடியில் பின்செல்வதற்கு ஒரு முக்கோணக் குறி இருந்தது. புதியதில் அது இல்லை. விரலால் ஓரத்திலிருந்து தள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க அருகில் எவரும் இல்லை. கடைப் பையன்களும் பக்கத்துக் கடைக்காரரும் ஆண்ட்ராய்டு மட்டுமே அறிந்தவர்கள். நூற்பாலைக்குப் பணம் அனுப்பும் நேரம் வந்தபோது பெரியவர் கைபேசியைக் கடைப் பையனிடம் நீட்டி, இரகசிய எண்ணையும் வாய்விட்டுச் சொன்னார். ஒரு மாதத்திற்குள் கடையில் வேலை செய்யும் மூவருக்கும் அவ்வெண் தெரிந்திருந்தது. பணம் எதுவும் களவு போகவில்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகள் இடுப்பை விட்டு நீங்காத சாவி, அன்று கடை நடுவே எல்லார்க்கும் பொதுவாய்க் கிடந்தது.

மகன் வாங்கித் தந்தது தரம் குறைந்த பொருளன்று, நல்ல பொருளே. தந்தையின் மீதுள்ள அன்பினால் வாங்கியதும் உண்மை. அங்ஙனமாயின் பிழை எங்கே நிகழ்ந்தது?

இயங்குதளம் என்பது கைபேசியின் உள்ளிருந்து எல்லாச் செயலிகளையும் தாங்கி நடத்தும் அடிப்படை. அதைத் தேர்ந்தெடுப்பதில் பிழை செய்வோர் எளிய மக்கள் மட்டுமல்லர். உலகப் பெருநிறுவனங்களும் பிழை செய்தன. அதன் வடு தமிழ்நாட்டு மண்ணிலேயே உள்ளது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் ஆலை இயங்கத் தொடங்கியது. அந்நாளில் கைபேசி என்றாலே நோக்கியாதான். உச்சியில் சிறு விளக்குடன் வந்த 1100 என்னும் கைபேசியை இந்த அவையில் அறியாத முதியவர் இரார். அந்த ஆலையில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாகப் பணிபுரிந்தனர்; பலர் சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள். 2007-இல் ஐபோன் வந்தது. 2008-இல் ஆண்ட்ராய்டு வந்தது. நோக்கியா தன் பழைய சிம்பியான் தளத்தையே நம்பிச் சில ஆண்டுகளைக் கழித்தது. 2011 பிப்ரவரியில் அதன் தலைவர் ஸ்டீபன் எலோப், வடகடலில் தீப்பற்றிய எண்ணெய் மேடையில் நிற்பவனோடு தம் நிறுவனத்தை ஒப்பிட்டு ஊழியர்க்கு மடல் எழுதினார். மேடையிலிருந்து குதிக்க வேண்டும் என்பதில் அவர் கணிப்பு சரி. குதித்த இடம் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் தளம், அது தவறாயிற்று.

அதன்பின் நிகழ்ந்தவை விரைவாக நிகழ்ந்தன. கைபேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டுக்கு விற்கப்பட்டது. வருமான வரி வழக்கினால் சொத்து முடக்கப்பட்டிருந்தமையால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் முதல் நாளோடு உற்பத்தி நின்றது. ஆலை மூடப்பட்டதற்குத் தளத் தேர்வு மட்டுமே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. வரி வழக்கிற்கும் பெரும் பங்குண்டு. ஆயினும் உலகம் விரும்பி வாங்கும் தளத்தில் அந்நிறுவனம் நின்றிருந்தால் வழக்கு முடியும்வரை தாங்கியிருக்கும் என்று கருத இடமுண்டு. விண்டோஸ் கைபேசித் தளமும் நீடிக்கவில்லை. 2020 ஜனவரியோடு அதற்கான பாதுகாப்புப் புதுப்பித்தல் முடிவுற்றது. பெருவணிகர்களும் அமைச்சர்களும் பெருமையாய் ஏந்திய பிளாக்பெர்ரியின் பழைய தளத்திற்கு 2022 ஜனவரி 4 கடைசி நாள் ஆயிற்று. பன்னிரு சிந்தனைகளுள் அநித்தியம் முதலில் வைக்கப்பட்டதற்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர், பழைய கைபேசிகள் கிடக்கும் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தால் போதும்.

இன்று அதே ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகின்றன. 2021 டிசம்பரில் அங்குப் பணிபுரியும் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், உடன் பணிபுரிவோர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்ததும் செய்தியாக வந்தன. பளபளக்கும் பெட்டியைத் திறப்போர் அறிய வேண்டிய செய்தி அது. எந்தத் தளமாயினும் அதன் பின்னால் விழித்திருக்கும் கைகள் உண்டு.

இனி, உணவு மேசை வழக்கிற்கு வரலாம். எது சிறந்தது என்னும் வினாவிற்கு அநேகாந்தவாதம் கற்றவர் ஒரு சொல்லைச் சேர்க்காமல் விடை கூறார். ‘ஸ்யாத்’ என்பதைத் தமிழில் ஒருவாற்றான் எனலாம். யானையைத் தடவிப் பார்த்தோர் கதையை இந்த அவையில் மீண்டும் சொல்வது மிகை. ஒருவாற்றான் என்னும் அச்சொல்லை மட்டும் கைபேசிக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

ரிக் களத்தில் நிற்பவர்க்கு ஆண்ட்ராய்டு நன்று. எந்தச் சிற்றூரிலும் பழுது நீக்குவோர் கிடைப்பர். உடைந்தாலும் தொலைந்தாலும் இழப்பு தாங்கக்கூடியது. உடன் இருப்போர் அனைவர்க்கும் அதன் நடைமுறை தெரியும். இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட கைபேசிகள் அத்தளத்தில் இயங்குவதன் நடைமுறைப் பயன் இதுதான். அந்தப் பெரும்பான்மையே தீங்காகவும் ஆகலாம். தன் செயலிகளையே முன்னிறுத்துமாறு கைபேசி செய்வோரைக் கட்டுப்படுத்தியதாகக் கூகுள் நிறுவனத்தின்மீது இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. ஐபோனில் வேறு வகைக் கட்டு. அங்குத் தளமும் கருவியும் கடையும் ஒரே நிறுவனத்தின் கையில் உள்ளன. உள்ளே புகுந்தவர் வெளியேறுவது எளிதன்று. ஆயினும் அந்தக் கட்டே சிலர்க்குக் காவலாகிறது.

சான்று ஒன்று காண்க. திருமண அழைப்பிதழ் என்றும், போக்குவரத்து அபராத அறிவிப்பு என்றும் பெயரிட்டு ஏபிகே என முடியும் கோப்புகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. ஆண்ட்ராய்டில் அதைத் தொட்டு, கேட்கும் அனுமதிகளையெல்லாம் கொடுத்துவிட்டால், குறுஞ்செய்தியாக வரும் வங்கி இரகசிய எண்கள் மோசடியாளர் கைக்குப் போகக்கூடும். அந்தக் கோப்பு ஐபோனில் திறக்காது. உறவு வட்டம் பெரிது. ஒவ்வொரு முகூர்த்தத்திற்கும் பத்து அழைப்பிதழ் வரும் குடும்பங்களில் இவ்வேறுபாடு சிறிதன்று. ஆண்ட்ராய்டு வைத்திருப்போர் அமைப்புகளுக்குள் சென்று, வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதியை வாட்ஸ்அப்புக்கு அடைத்துவைத்தால் இந்தக் குறை பெரிதும் நீங்கும். ஐந்து நிமிட வேலை. ஆனால் அதைச் செய்து கொடுக்க ஒருவர் வேண்டும்.

ஐபோன் வைத்திருப்போர் இதனால் நிம்மதியாக உறங்கிவிடலாகாது. காவல் அதிகாரி உடையில் காணொலி அழைப்பில் தோன்றி, டிஜிட்டல் கைது என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் எந்தத் தளத்தையும் பார்ப்பதில்லை. அந்த மோசடி நுழையும் வாயில் செவி. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதுபற்றி எச்சரித்தார். சட்டத்தில் அப்படியொரு கைது முறையே இல்லை. பணம் போனது தெரிந்த நொடியிலேயே 1930 என்னும் எண்ணை அழைத்தால், அது அடுத்த கணக்குக்கு மாறுமுன் தடுக்க வாய்ப்புண்டு. பல குடும்பங்களில் பெரியோர் வெட்கத்தால் இரண்டு நாள் சொல்லாமல் இருந்துவிடுகின்றனர். அந்த இரண்டு நாளில்தான் பணம் கைக்கு எட்டாத தொலைவு போய்விடுகிறது.

ஆக, தளத்தை ஒப்பிடுவதற்கு முன்னரே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இல்லறத்தார்க்குரிய பன்னிரு விரதங்களுள் போகோபபோக பரிமாணம் என்பது ஒன்று. சமந்தபத்திர ஆசாரியர் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் விளக்கிய இவ்விரதங்களைத் தமிழில் அருங்கலச்செப்பு எடுத்துரைக்கிறது. உணவுபோல் ஒருமுறை துய்த்துத் தீர்வது போகம். ஆடைபோல் மீண்டும் மீண்டும் துய்ப்பது உபபோகம். இரண்டிற்கும் முன்கூட்டியே அளவு வகுத்துக்கொள்வது விரதம். கைபேசி உபபோகம், அதில் ஓடிக்கொண்டே இருக்கும் காட்சிகள் போகம். ஒன்றை வாங்கும்போது மற்றொன்று அளவின்றிக் கூடவே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. முன்னோர் கையில் இவ்விரண்டும் தனித்தனியே இருந்தன. இன்று ஒரே கண்ணாடிக்குள் ஒட்டிக்கொண்டுள்ளன.

அளவு வகுத்தல் என்பது வெறும் துறவு மனப்பான்மை அன்று. மிகக் கூர்மையான வணிக முறையும் ஆகும். கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் தாம் செய்யப்போகும் செயல்களை எழுதிப் பார்ப்பவர் கடைக்காரர் சொல்லுக்கு மயங்கார். நூல் வணிகப் பெரியவர் எழுதியிருந்தால் அத்தாளில் ஐந்து வரிகளே இருந்திருக்கும்: பேசுதல், செய்தி அனுப்புதல், பணம் செலுத்துதல், பில்லைப் படம் எடுத்தல், காலையில் ஆலய தரிசனத்தைக் காணொலியில் காணல். இவற்றிற்கு நடுத்தர விலைக் கைபேசி எதுவும் போதும். அதன்பின் எழும் வினாக்கள் இரண்டே. ஐயம் வந்தால் பத்து அடி தொலைவில் இருக்கும் எவரால் சொல்லித்தர இயலும்? அவர் வைத்திருப்பது எத்தளம்? முதியோர் பொறுத்தவரை, ஒளிப்படக் கருவியின் திறனைவிட இவ்விரு வினாக்களே தளத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொரு செய்தியும் விலைச்சீட்டில் இராது. பாதுகாப்புப் புதுப்பித்தல் எத்தனை ஆண்டு வரும் என்பதே அது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றிற்கு அது சில ஆண்டுகளில் நின்றுவிடும். ஆப்பிள் ஐந்தாண்டுக்கு மேலும் தந்து வருகிறது. 2023-இல் கூகுள் தன் பிக்சல் 8-க்கும், 2024-இல் சாம்சங் தன் எஸ்24 வரிசைக்கும் ஏழாண்டு உறுதி அளித்தன. புதுப்பித்தல் நின்ற கருவியில் வங்கிச் செயலிகள் ஒவ்வொன்றாக விடைபெறும். 2025-இல் வாட்ஸ்அப்பும் மிகப் பழைய ஆண்ட்ராய்டு, ஐபோன் பதிப்புகளைக் கைவிட்டது. எனவே மலிவு என்று வாங்கியதை மூன்று ஆண்டில் எறிவதும், விலையுயர்ந்ததை ஆண்டுதோறும் மாற்றுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். கைபேசியால் காற்றில் கலக்கும் கரியின் பெரும்பகுதி அதைச் செய்யும்போதே கலந்துவிடுகிறது. வாங்கிய ஒன்றை நெடுநாள் வைத்திருப்பது கொல்லாமையோடு தொடர்புடைய செயல். மின்கலத்தை மட்டும் மாற்றினால் இன்னும் இரண்டு ஆண்டு உழைக்கும் கைபேசிகள் எத்தனையோ வீடுகளில் உறங்குகின்றன. அத்தகையவற்றை மின்கழிவு சேகரிப்போரிடம் சேர்க்கும் முன், அதிலுள்ள கணக்குகளையும் படங்களையும் முழுமையாக நீக்கிவிட வேண்டும் என்பதைப் பலர் மறக்கின்றனர்.

திறன்பேசியே வேண்டாம் என்று அளவு வகுத்துக்கொள்வோரும் உளர். அவர்களைப் பழமைவாதிகள் என்று நகைப்பது தகாது. பொத்தான் கைபேசியிலிருந்தும் பணம் அனுப்ப 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி யூபிஐ 123பே என்னும் முறையைத் தொடங்கி வைத்துள்ளது.

அனர்த்த தண்டம் என்னும் குண விரதமும் இங்குப் பொருந்தும். பயனின்றிச் செய்யும் தீங்கு என்பது அதன் பொருள். அதன் வகைகளுள் ஒன்று துஸ்ருதி. தீயவற்றைக் கேட்டலும் பரப்பலும். ஆசாரியர்கள் வாட்ஸ்அப்பைக் கண்டதில்லை. ஆனால் மனிதச் செவியை நன்கு அறிந்திருந்தனர். 2018 மே மாதத்தில் குழந்தை கடத்தும் கூட்டம் வந்துள்ளதாகத் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் கைபேசிகள் வழியே வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த சென்னை மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். அதைக் கண்டு ஐயுற்ற கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. தமிழ்ச் சமணர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதி அது. அந்த வதந்தியை முன்னனுப்பியோர் எவரும் கையில் கல் எடுக்கவில்லை. விரலால் தொட்டதோடு சரி. அவ்வாண்டின் நடுப்பகுதியில்தான் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து பேர்க்கு மேல் முன்னனுப்ப இயலாதபடி கட்டுப்படுத்தியது. பரிமாணம் வகுப்பதை மனிதர் மறந்தபோது செயலி வகுத்தது.

பர்யூஷண நிறைவில் வரும் மிச்சாமி துக்கடம் செய்திகளையும் இதனோடு சொல்லியாக வேண்டும். பூ வேலைப்பாடு செய்த ஒரே படம் ஐந்நூறு பேர்க்குப் போகிறது. ஒரு தீங்கும் செய்யப்படாத நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் அதைப் பெறுகின்றனர். உண்மையில் மனம் புண்பட்ட ஒருவர்க்கும் அதே படம்தான் போகிறது. அந்த ஒருவர்க்கு மட்டும் தொலைபேசியில் பேசினால் கைபேசி தன் பெயருக்குரிய வேலையைச் செய்ததாகும்.

விரதங்களை யமம் என்றும் நியமம் என்றும் பிரிப்பர். வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம். ஒரு நாள், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு மாதம் எனக் காலம் வரையறுத்து ஏற்பது நியமம். கைபேசிக்கு நியமமே ஏற்றது. 2022-இல் மத்தியப் பிரதேசம் ராய்சேன் மாவட்டம் பேகம்கஞ்சில் சமணக் குடும்பத்தார் பர்யூஷண நாளில் கைபேசிகளை ஒதுக்கிவைத்து ஒரு நாள் நோன்பு நோற்றனர். மகாராஷ்டிரத்தின் சாங்க்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்னும் சிற்றூரில் மாலை ஏழு மணிக்குச் சைரன் ஒலி எழுந்ததும் ஊரே ஒன்றரை மணி நேரம் தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைத்துவிடும் வழக்கம் செய்தித்தாள்களில் வந்தது. சாமாயிகத்திற்குரிய நாற்பத்தெட்டு நிமிடம் கைபேசி வேறோர் அறையில் இருந்தால் தொடக்கத்திற்கு அது போதும்.

கற்பித்தலைப் பற்றி இனிப் பேச வேண்டும். பெரியவரின் இடர்ப்பாட்டிற்கு மருந்து அதில்தான் உள்ளது. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். பெருந்துறை அருகிலுள்ள சீனாபுரமே அவர் ஊர் என்பது கொங்கு அறிஞர் சிலர் கருத்து. மாணாக்கரை அவர் அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று எட்டுவகை உவமையால் பிரித்துக் காட்டினார். ஒரு செடியிலும் நிலையாது அங்கங்கே நுனி கடித்துத் திரியும் ஆட்டைப்போல் கைபேசி கற்பவர் பலர். பத்துச் செயலிகளைத் திறந்து பார்த்து, ஒன்றையும் முழுதாகக் கற்காமல் விடுவர். புல் கண்ட இடத்தில் வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசுவே முதியோர்க்கு ஏற்ற முன்மாதிரி. ஒரு வாரத்திற்கு ஒரு செயல். அதைப் பத்துமுறை தாமே செய்தல்.

ஆசிரியர்க்கும் பவணந்தியார் இலக்கணம் வகுத்துள்ளார். பேரன் பேத்தியர் அதைப் படித்தால் வீட்டுக்கு நன்மை. “கொடுங்கள், நானே செய்து தருகிறேன்” என்று கைபேசியைப் பறித்து நான்கு நொடியில் முடித்துக் கொடுப்பது உதவிபோல் தோன்றும், கற்பித்தல் ஆகாது. பெரியவர் கையிலேயே கைபேசி இருக்க, பக்கத்தில் அமர்ந்து வாயால் மட்டும் வழி சொல்வதே முறை. எழுத்தைப் பெரிதாக்குதலும், முகப்பில் ஐந்து செயலிகள் மட்டும் வைத்தலும் இரண்டு தளங்களிலும் இயலும். ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் வெறும் கட்டங்களாகவே தெரிந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் போன்ற செயலிகள் அக்காலத்தில் ஆற்றிய தொண்டு பெரிது. இன்று தமிழில் தட்டவும் படிக்கவும் எத்தளத்திலும் தடையில்லை. ஆங்கிலம் அறியாமை இனி ஒரு காரணம் ஆகாது.

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானத்துள் பின்னிரண்டும் இங்கு ஒன்றாகின்றன. முதியவர் ஒருவர்க்குக் கைபேசி கற்பிப்பது அறிவுத் தானம். அதனால் அவர் மோசடிக்கு அஞ்சாமல் இருப்பது அபயம். அன்னதானத்திற்குப் பெயர்ப்பலகை வைப்போர் பலர். இந்தத் தானத்திற்குப் பலகை வேண்டாம்; ஒரு மாலைப்பொழுது போதும்.

வணிகக் குடும்பத்தார்க்கு ஒரு குறிப்பு. பகவான் நிர்வாணம் அடைந்த தீபாவளியன்று புதுக்கணக்கு எழுதும் மரபு இங்கே உயிரோடு உள்ளது. அந்நாளில் கணக்கேட்டோடு இன்னொன்றும் எழுதப்பட வேண்டும். எந்தெந்த வங்கியில் கணக்கு, எந்த மின்னஞ்சல், எந்தக் கைபேசி எண்ணோடு அவை இணைந்துள்ளன என்னும் பட்டியல் அது. இரகசிய எண்களை அதில் எழுதலாகாது. குடும்பத் தலைவர் திடீரென மறைந்தால், பூட்டிய கைபேசிக்குள் வரவேண்டிய கடன் விவரமும் பேரன் பிறந்த படமும் ஒன்றாய்ப் புதைந்துவிடுகின்றன. மறைவுக்குப் பின் எவர் அணுகலாம் என்று முன்னரே குறித்துவைக்க ஆப்பிள், கூகுள் இரண்டும் வழி வைத்துள்ளன, பயன்படுத்துவோர்தாம் அரியர். பல நூற்றாண்டுக்கு முன் கொடுத்த கொடையைக்கூடக் கல்லில் வெட்டி, எவர் காக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிவைத்த மரபுக்கு இது கடினமன்று.

நூல் வணிகப் பெரியவர் கதையை முடித்தாக வேண்டும். உள்ளூர்ப் பொறியியல் கல்லூரியில் பயிலும் பேத்தி விடுமுறையில் கடைக்கு வந்தபோது, பையன் ஒருவன் தாத்தாவின் இரகசிய எண்ணைத் தயக்கமின்றித் தட்டுவதைக் கண்டாள். அன்று மாலையே வீட்டில் பேச்சு எழுந்தது. ஐபோன் பெங்களூருவுக்குத் திரும்பியது; மகனுக்குச் சற்று வருத்தம்தான். பேத்தியிடம் இருப்பதைப்போன்றே ஓர் ஆண்ட்ராய்டு, நடுத்தர விலையில் வாங்கப்பட்டது. முதல் வாரம் பேசுதல், இரண்டாம் வாரம் பில்லைப் படம் எடுத்தல் என்று பாடம் நடந்தது. பணம் அனுப்பும் பாடம் ஆறாம் வாரம்தான் வந்தது. முதலில் பேத்திக்கே ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தார். அது சேர்ந்த ஓசை கேட்டதும் மீண்டும் ஒரு ரூபாய் அனுப்பினார். பின் பழைய இரகசிய எண்ணை மாற்றும் இடத்தை அவள் காட்டினாள். திரையைத் தம் பக்கம் சாய்த்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வோர் எண்ணாகத் தாமே தட்டினார். எந்த எண் வைத்தீர்கள் என்று பேத்தி கேட்டாள். பெரியவர் அவளிடமும் சொல்லவில்லை.